மூன்று கூறுவிலைகள்

சுற்றறிக்கைப்படி மூன்று கடையில் விலை எடுக்கவேண்டும்.
மூன்றாவது கடை கிடைக்காவிட்டால்
இரண்டாவது கடைக்காரரின் மச்சானிடம்
ஒரு கடிதத் தலைப்பு இருக்கும். அது வேறு கதை.

நான் உண்மையாகவே மூன்றுக்கும் நடந்தேன்.
ஒக்டோபர். என்.சி. வீதியில் மழை
பெய்வதா விடுவதா என்று நின்றது.
பஸ் நிலையத்தருகே ஒரு மான்
வாழைப்பழத் தோலோடு
யாரோ தோற்ற லொத்தர் சீட்டையும் மென்றது.

"வேலைக்கோ, கலியாணத்துக்கோ?" என்றார் ரிஸ்மி.
கலியாணத்துக்கென்றால்
பொம்பிளையை வெள்ளையாக்கித் தரும் கமரா ஒன்று இருக்கிறதாம்.
வேலைக்கு, என்றேன்.
கோதுமைக் கப்பல், சீமெந்துத் தூசி, உப்புக் காற்று.
நனைந்த மூட்டை எத்தனை, கிழிந்தது எத்தனை என்று
காப்புறுதிக்காரருக்குக் காட்ட.
அவ்வளவுதான் சொன்னேன்.

மனேஜர் வீரக்கோன் கேட்டது அறுபது மடங்கு ஸூம்.
மாடி ஜன்னலடியில் தேத்தண்ணியோடு நின்றபடி
ஜெட்டியில் எவன் பீடி பற்றவைக்கிறான்,
எவன் நிழலில் குந்துகிறான்,
எல்லாம் வேண்டும் அவருக்கு.

அது இருந்தது ரிஸ்மியிடம். கையில் தந்தார்.
வாசலில் நின்று இழுத்துப் பார்த்தேன்.
எதிர்ப்பக்க மருந்துக்கடை
என் மூக்கருகே வந்தது.
ஒருத்தி காசை எண்ணினாள்,
மறுபடி எண்ணினாள்,
ஒரு மாத்திரை அட்டையை வைத்துக்கொண்டு
மற்றதைத் தள்ளிவிட்டாள்.
அவளுக்குத் தெரியாது. எனக்கு முகம் சுட்டது.
மூடியைப் போட்டேன்.
மற்றதைக் காட்டுங்கோ.

மற்றது கட்டை. ஸூம் அற்பம்.
வில்லை அகலம். கையுறையோடும் அமத்தலாம்.
இருட்டில் பார்க்கும் என்றார்.
எவ்வளவு இருட்டில்?
டீவி வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தார்.
அலுவலகச் சேலையோடு
தலையையும் கமராவையும் உள்ளே விட்டேன்.
ரெஜிபோம் துகள், ஒரு எறும்பு,
"இப்பக்கம் மேலே" என்ற எழுத்துத் தலைகீழாய்.
எறும்பின் கால்கூடத் தெரிந்தது.

பங்குனியில் தவநேசன் விழுந்தபோது
என் கைபேசிதான் படம் எடுத்தது.
இரண்டாம் அறையின் வாயில் குனிந்து நின்று எடுத்தேன்.
விசாரணையில் அதைப் பெரிதாக்கி வைத்தார்கள்:
கறுப்பு. மூலையில் என் கட்டைவிரல்.
ஏணியில் எல்லாப் படியும் இருந்தது என்றது அறிக்கை.
செருப்பு தேய்ந்திருந்தது என்றது.
தவநேசன் இப்போது பாலையூற்றில்
சைக்கிள் கடைக்காரருக்குக் கணக்கெழுதுகிறான்,
இருந்தபடி.

பெட்டிக்குள்ளிருந்து தலையை எடுத்தேன்.
பதினெண்ணாயிரம் ரூபா கூட.
'தொழில்நுட்பத் தேவை' என்ற நிரலில்
ஒளி, ஈரம், தூசி, பற்றரி என்று
ஒரு பக்கம் நிரப்பினேன். அதில் ஒரு பொய்யுமில்லை.

கணக்குப் பகுதி ஜொய்லின் பேனையைத் திறந்துவிட்டுக் கேட்டாள்:
"இதில தூரத்தில நிக்கிறவையைத் தெரியாதே?"
தெரியாது. கிட்டப் போகவேணும்.
கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள்.
ஒப்பம் வைத்தாள்.
வீரக்கோன் கத்தினார், பிறகு மறந்தார்.
மறக்கவில்லையோ தெரியாது, ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறார்.

முதல் கப்பல் கார்த்திகையில்.
பதிவில் என்னைக் காணமுடியாது. மூச்சு மட்டும் கேட்கும்.
கீழே ஒரு நாட்டாமை, தலையெல்லாம் மா,
"ஆரது, படமோ?" என்று
விரலால் தலை வாருகிறார்.
துருவேறிய கம்பிகள் ஒவ்வொன்றாய் மேலே போகின்றன.
என் குரல் எண்ணுகிறது.
ஏழு. எட்டு.
ஒன்பது இல்லை.
இரைச்சலில் கேட்காமற் போய்விடுமோ என்று
இன்னொருக்காலும் சொல்லியிருக்கிறேன்,
ஒன்பது இல்லை,
கால் அந்தரத்தில் தேடிக்கொண்டிருக்க.